மெட்டி விரல் நகம்

மார்புல இருந்த கேன்சர் கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு, மரக்காணம் உப்பளத்துக்கு மறுபடி வேலைக்குப் போயிட்டிருந்தேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டணும். ஒரு தடவை டாக்டரம்மா, "கொஞ்சம் நகம் வெட்டிக் குடுங்கம்மா. உடம்புல செம்பு, துத்தநாகம் எல்லாம் எவ்ளோ இருக்குதுன்னு அளக்கிறோம். கேன்சர் இருந்தா அந்த அளவு மாறுதான்னு ஒரு ஆராய்ச்சி"ன்னாங்க.

கையில நகம் ஏது? உப்பு வாரி வாரித் தேய்ஞ்சு கெடக்குது. கால்லதான் வெட்டிக் குடுத்தேன்.

அடுத்த தடவை போனப்போ அவங்க முகமே சரியில்ல. செம்பு ரொம்ப அதிகமா காட்டுதாம். "இதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்"னாங்க. திரும்ப வந்துடுச்சுன்னே நெனச்சேன். பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணை யாரு பார்ப்பா? என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க சொன்னதெல்லாம் கேட்டேனே, இன்னும் என்னதான் செய்யணும்"னு எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவங்க கோவப்படல. எந்த விரல்ல வெட்டினீங்க, காட்டுங்கன்னாங்க.

செருப்பைக் கழட்டிக் காட்டினேன். மெட்டி போட்ட விரல். வெள்ளியில செம்பு கலந்திருக்கும். நாள் முழுக்க உப்புத்தண்ணியில நின்னா பச்சை பிடிச்சு நகத்துலயும் ஏறிடும். எங்க உப்பளத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் அந்த விரல் பச்சைதான். பார்த்துப் பார்த்துப் பழகினதால எனக்கு அது கண்ணுலயே படல.

"செம்பு இந்த மெட்டியிலேர்ந்து ஏறியிருக்கும். எதுக்கும் ஸ்கேனும் எடுத்துடலாம், ஆனா மெட்டியைக் கழட்டிட்டு வாங்க"ன்னாங்க. புருஷன் உசுரோட இருக்கறப்போ எப்படிக் கழட்டுறதுன்னு வீட்டுல முரண்டு பண்ணேன். அவரு கேக்கல. என் காலை மடியில வச்சு, தேங்காயெண்ணெய் தடவி அவரே உருவிட்டாரு. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ இருந்தா போதும்டி"ன்னாரு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. டாக்டரம்மா சிரிச்சிட்டே, "புது நகம் வளரட்டும், வெட்டிக் குடுங்க. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு வருஷா வருஷம் வேணும்"னாங்க. கட்டி வந்ததுலேர்ந்து அடுத்த உப்பு சீசனைத் தாண்டி நான் எதையும் யோசிச்சதில்ல. அஞ்சு வருஷம் நான் வந்து நகம் குடுப்பேன்னு ஒரு டாக்டரே நம்புறாங்க. சரிங்க, தர்றேன்னு சொன்னேன்.