டிரிஃப்ட் என்று சொன்னேன்

ரஷீத் பாயின் வலது கையை மெஷினிலிருந்து எடுத்தபோது மூன்று விரல்கள் நசுங்கிப் போயிருந்தன. அன்று விஜயதசமி. நான் அந்தத் தொழிற்சாலையின் எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். பட்டனை அழுத்தியது நான்தான். ஆட்டோமேஷன் வேலைக்கு இன்று வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மெஷின்

எண்பதுகளின் நடுவில், செங்கம் ரோட்டில் ஊரைத் தாண்டி இருந்தது அந்தத் தொழிற்சாலை. எண்ணெய் டின்களுக்கு மூடி வெட்டுவோம். மூடி வெட்டும் பிரஸ்ஸுக்குத் தகரப் பட்டையை அளவாகத் தள்ளிக் கொடுக்க, முதலாளி வெளிநாட்டுப் பழைய ஃபீடர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். தகரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் பகுதிக்குக் கேரியேஜ் என்று பெயர். அதை ஓட்டியது ஒரு டி.சி. சர்வோ மோட்டார்.

சாதாரண மோட்டார் கரண்ட் கொடுத்தால் சுற்றும். சர்வோ தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். வேகத்தைச் சொல்வது மோட்டாரின் பின்புறம் இருக்கும் டேக்கோ என்ற சிறு ஜெனரேட்டர். 'நில்' என்ற கட்டளையில்கூட சர்வோ விழித்துக்கொண்டுதான் நிற்கும். கையால் தள்ளினால் எதிர்க்கும். வெயில் நாட்களில் சில சமயம் மயிரிழை மயிரிழையாகத் தானே நகரும். அதற்கு டிரிஃப்ட் என்று பெயர். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவ் என்ற பெட்டியில் ஒரு சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடுவேன்.

ஆபரேட்டர் ரஷீத் பாய் தகர வேலை செய்யும் உள்ளூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட மூத்தவர். "சார், உங்க சர்வோ எங்க மாமியார் மாதிரி. நில்லுன்னாலும் உள்ளுக்குள்ள உறுமிக்கினே இருக்குது" என்பார்.

2. விஜயதசமி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கவர்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டு மெஷினைக் கழுவுவது எங்கள் வழக்கம். டேக்கோவுக்குள் மண்ணெண்ணெய் இறங்கக் கூடாதென்று அதை நானே கழற்றி வைத்தேன். அதன் இரண்டு ஒயர்களும் ஒரே நிறம். அடையாளத்துக்குச் சுற்றிய டேப் கழுவும்போது உரிந்து போயிருந்தது. திரும்ப மாட்டுகையில், இதுதான் பிளஸ் என்று தோன்றிய பக்கம் முறுக்கிவிட்டேன்.

டேக்கோ ஒயரில் கை வைத்தால், மோட்டாரைக் கேரியேஜிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். விஜயதசமி காலையில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"நல்ல நேரம் போயிடப் போவுது சார். இன்னும் என்னா நோண்டிக்கினு இருக்கீங்க?"

"முடிஞ்சிடுச்சுங்க" என்றேன், ஓட்டிப் பார்க்காமலே.

புது வண்டிச் சக்கரத்தின் அடியில் வைப்பதுபோல, கேரியேஜின் பாதையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, முதல் ஓட்டத்தில் அதை மெதுவாக நசுக்குவோம். ஆபரேட்டர் கையால்தான் வைக்க வேண்டும்.

"பாய், ஒழுங்கா வை. போன வருஷம் உருண்டு ஓடிச்சு" என்றார் முதலாளி.

"எனக்குப் பயந்துக்கினு ஓடிச்சுங்க மொதலாளி. இந்த வருஷம் புடிச்சி உக்கார வைக்கிறேன் பாருங்க."

எல்லாரும் சிரித்தோம். பழம் மறுபடி உருண்டது. அதைப் பிடிக்க ரஷீத் பாய் கையை நீட்டினார். டிரைவை ஆன் செய்தாலும், ஓட்டும் பட்டனைத் தொடும்வரை கேரியேஜ் அசையாது என்பது எங்கள் அன்றாட நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் டிரைவின் ஆன் பட்டனை அழுத்தினேன்.

டேக்கோ ஒயர் தலைகீழாக இருந்தால், மயிரிழை முன்னால் நகர்ந்தாலே மோட்டார் தான் பின்னால் போவதாக எண்ணிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய இன்னும் வேகமாக முன்னால் பாயும். ஸ்டாப் பட்டனுக்கு என் கை போவதற்குள் கேரியேஜ் பாய்ந்து முட்டி நின்றுவிட்டது.

3. கேள்வி

வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி கேட்டார்: "மெஷின்ல தப்பா சார், ஆளு மேல தப்பா?"

"கைய உள்ள விட்டிருக்கக் கூடாதுங்க" என்றேன். அதில் பொய் இல்லை, அதனால் சொல்ல எளிதாக இருந்தது. மறுநாள் ஒயர்களை மாற்றி மாட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

கட்டோடு படுத்திருந்த ரஷீத் பாய் மட்டும் கேட்டார். "அது ஏன் சார் அப்டிப் பாஞ்சிது?"

"டிரிஃப்ட் பாய்."

"அது மெதுவாத்தானே நகரும்?"

"சில சமயம் ஜாஸ்தியாயிடும்."

படித்தவன் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார்.

தப்பு ஆள் மேல் என்று முடிவானதால் அவருக்கு மெஷின் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரச் சொன்னார்கள். சில மாதங்களில் நின்றுவிட்டார். குடும்பத் தொழிலுக்கும் அந்தக் கை உதவவில்லை. தம்பியின் மளிகைக் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஒருநாள் அந்தக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தம்பி ஆரம்பித்தார். "மெஷின்ல தப்புன்னு அன்னிக்கே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க அண்ணன் வேல போயிருக்குமா சார்?"

"நீ சும்மா இருடா" என்றார் ரஷீத் பாய். "டிரிஃப்ட்டுக்கு சார் என்னா பண்ணுவாரு? அன்னிக்கு என்னைவிட அவருதான் ஜாஸ்தி அழுதாரு. சாருக்கு டீ சொல்லு."

டீ வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. திரும்ப வந்து அந்தக் கடைக்குப் போனபோது தம்பி மட்டும் இருந்தார். ரஷீத் பாய் மாரடைப்பில் இறந்துவிட்டதாகச் சொன்னார். ஒயரைப் பற்றித் தம்பியிடம் முழுக்கச் சொன்னேன். பொட்டலம் கட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"கேட்டவரு போயிட்டாரு. என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க?"

டேக்கோவின் இடத்தில் இன்று என்கோடர் வந்துவிட்டது. எதுவானாலும் அதன் ஒயரைத் தொட்டால் மோட்டாரைப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். ஒருவர் கை உள்ளே இருக்கும்போது டிரைவை ஆன் செய்யாதீர்கள். இவற்றை உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் தவறால் அடிபட்டவர் ஏன் என்று கேட்டால், அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். ரஷீத் பாய் என்னிடம் இரண்டாவது முறை கேட்கவே இல்லை.