பெருக்காத மரத்தடி

என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு காய்ந்த சருகு பட்டுவிட்டால் போதும், கை அரிக்கத் தொடங்கிவிடும். உடனே வாரியலை, அதாவது விளக்குமாற்றைத் தேடுவார். மீசை முளைக்கிற வயதில் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த மனுஷர். அங்கே ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் புல் காய்ந்து நிற்கக் கூடாது, இலை விழுந்து கிடக்கக் கூடாது. தரை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். அங்கே அது நியாயம்தான், ஒரு பொறி போதும் எல்லாம் போய்விடும். ஆனால் அந்த நியாயத்தை அவர் நாங்கள் மாடு மேய்க்கிற காட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

நானும் அதே கம்பெனியில் சரவெடி பின்னியவள்தான். பிறந்தது மல்லாங்கிணற்றுப் பக்கம், பருத்திக்காட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த மறுமாதமே விடியும் முன் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். எந்த ஷெட்டில் உட்கார்ந்தாலும் வெள்ளிப் பவுடர் பறந்து வந்து விரலிடுக்கில் ஏறிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், சோற்றைப் பிசைந்தால் சோறு சாம்பல் பூத்துத்தான் இருக்கும். அந்த வேலையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஊரே அதில்தான் சாப்பிடுகிறது. எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு கறவை மாடு பிடித்தேன். அது கன்று போட்டு, கன்று மாடாகி, இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம் தொழுவத்தில் நாலு மாடு நின்றன. பால் ஊற்றியே குடும்பத்தை ஓட்டலாம் என்று தைரியம் வந்ததும் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் நான் நானாக எடுத்த முதல் முடிவு அது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மாடு மேய எங்கள் செவக்காடு, செம்மண் நிலம், இருந்தது. மாமனார் இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்த நிலம். மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி என் கொழுந்தனுக்கு. அவருக்கும் இரண்டு மாடு உண்டு. இரண்டிலுமே வெள்வேல மரங்கள் ஏழெட்டு நின்றன. முள் இருக்கும், இலை பொடிப்பொடியாக இருக்கும், நிழல் சல்லடையில் சலித்த மாதிரி விழும். மத்தியான வெயிலில் மாடுகள் அங்கே போய்ப் படுத்து அசைபோடும்.

இந்த இடத்தில்தான் வாரியல் நுழைகிறது. அவர் தினமும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காட்டுக்குப் போய் மரத்தடியெல்லாம் பெருக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சருகு, முள், நெற்று, சாணி, காய்ந்த புல் எல்லாவற்றையும் கூட்டி ஓரத்தில் குவித்துவிடுவார். என் கொழுந்தன் வாராவாரம் டிராக்டரைக் கொண்டுவந்து அந்தக் குவியலை லோடு லோடாகத் தான் குத்தகைக்குப் பிடித்திருந்த பருத்திக்காட்டுக்கு எருவாகக் கொண்டுபோவார். அண்ணன் பெருக்க, தம்பி அள்ள, ஊரில் இவர்களைப் பார்த்துப் பெருமைப்படாத ஆள் கிடையாது. "மரத்தடியில சோத்தைக் கொட்டித் திங்கலாம்" என்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பிறகு இரண்டு மூன்று வருஷம் மழை ஏய்த்தது. காடு காய்ந்தது. காய்ந்ததிலும் ஒரு கணக்கு தெரிந்தது. வெட்டவெளியில் அங்கொன்று இங்கொன்றாகப் புல் நின்றது. மரத்தடியில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் மொட்டைத் தலை மாதிரி வட்டமாக வெறும் மண். கடப்பாரை போட்டால் திருப்பி அடிக்கிற மண்.

கொழுந்தன் அதைக் காட்டி ஒருநாள் பேச்சை ஆரம்பித்தார். "மதினி, மரம்தான் தண்ணியப் பூராம் குடிக்குது. நெழலு வேற. புல்லு எங்கன வரும்? வெட்டிக் கரிமூட்டம் போட்ருவோம். கரிக்காரர் தை கடைசியில வாரேன்னு சொல்லியிருக்காரு. எங்க பக்கத்து மரத்தையும் சேத்துத்தான் குடுக்கேன்."

விறகை அடுக்கி மண்ணால் மூடி உள்ளுக்குள்ளேயே புகையவிட்டுக் கரியாக்குவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அவர் சொன்ன காரணத்தையும் என்னால் தட்ட முடியவில்லை. பருத்திக்காட்டில் பிறந்தவளுக்கு மர நிழல் ஜென்மப் பகை. எங்கள் அப்பா வரப்பில் ஒரு வேம்பு முளைத்தால்கூடப் பிடுங்கிப் போட்டுவிடுவார். இருந்தும் மனசு ஒப்பவில்லை. மாடு படுக்க நிழல் வேண்டாமா? வெயிலில் நின்றால் பால் வற்றிவிடாதா?

வீட்டுக்காரர் தம்பி பக்கம் சாய்ந்தார். "மரம் போனா முளுக் காட்டுலயும் புல்லு வரும். வரலைன்னா மாட்டை வித்துருவோம். நீ முன்ன மாதிரி எங்கூட பஸ்ஸுல வா. கம்பெனியில இன்னும் உன்னை விசாரிக்காக."

விசாரிக்கிறார்களாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மரம் இருந்தால் புல் இல்லை, மரம் போனால் நிழல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மாடுகள் சந்தைக்குப் போகிற வழிதான் தெரிந்தது. மாடு போனால் நான் மறுபடியும் அந்த ஷெட்டுக்குள் போய் உட்கார வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளி ஆர்டர் கம்பெனியில் குவிந்துவிட்டது. ஆடி முடியும்போது வீட்டுக்காரரைப் பேக்கிங்குக்கு மேற்பார்வை போட்டு, சீசன் முடியும்வரை விஸ்வநத்தத்திலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். போகும்போது வாரியலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "தெனமும் பெருக்கிரு. தீபாவளிச் சமயம், எவனாவது ராக்கெட்டை விட்டான்னா சருகுல பத்திக்கிரும்" என்றார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு சரி.

நாலு மாட்டையும் ஒற்றை ஆளாகக் கறந்து, பால் ஊற்றி, தண்ணீர் காட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் பொழுது போய்விடும். இதில் காட்டைப் பெருக்க எவள் போவாள்? ஓரத்தில் குவியல் இல்லாததால் கொழுந்தனின் டிராக்டரும் வருவதை நிறுத்திக்கொண்டது. சாணி மரத்தடியிலேயே கிடந்தது. ஒரு மரத்தடி படுக்க முடியாதபடி நாறிப்போனால் மாடுகளை அடுத்த மரத்துக்கு மாற்றிக் கட்டுவேன். அது நாறினால் அதற்கடுத்தது. விட்டுவந்த மரத்தடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாணி காய்ந்தது, வண்டு வந்து அதை உருட்டியது, கறையான் ஏறியது, மேலே சருகு விழுந்து மூடியது. ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம். ஓடிப்போன கன்றைத் தேடிக்கொண்டு முதல் மரத்தடிக்குப் போனேன். செருப்புக்கால் பொசுக்கென்று உள்ளே இறங்கியது. குனிந்து சருகை விலக்கினேன். மண் செவப்பாக இல்லை, காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. கையில் அள்ளினால் உதிர்ந்தது. அதற்குள் இரண்டு மண்புழு நெளிந்தன. மரத்தைச் சுற்றி ஊசி ஊசியாகக் கொழுக்கட்டைப் புல் முளைத்திருந்தது. கன்று அதைத்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

புல்லைக் கொன்றது மரம் இல்லை, வாரியல். மரம் வருஷம் முழுக்க மண்ணுக்குப் போட்ட தீனியை இவர் கூட்டித் தள்ள, தம்பி லோடு ஏற்ற, மண் பட்டினி கிடந்து கல்லாகிப் போயிருக்கிறது. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். எனக்கு வந்த சிரிப்பை நல்லவேளை கன்று மட்டும்தான் பார்த்தது.

தீபாவளி முடிந்து அவர் வந்தார். பையை வைத்த கையோடு காட்டுக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பிவந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன இது, குப்பைமேடு மாதிரி கெடக்கு? வாரியல் எங்க?"

"வாரியலை ஒளிச்சு வச்சிருக்கேன். நீங்க எங்கூட வாங்க" என்று ஒரு குடம் தண்ணீரோடு கூட்டிப்போனேன். வெட்டவெளியில் பாதிக் குடத்தை ஊற்றினேன். தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடுகிற மாதிரி ஓடிப் பள்ளத்தில் தேங்கியது. மீதியில் பாதியை மரத்தடியில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மண் குடித்தது. ஒரு சொட்டு வெளியே ஓடவில்லை.

"பாத்தீகளா?"

"கீள எறும்புப் புத்து இருக்கும்" என்றார்.

"சரி, அடுத்த மரத்துல ஊத்துதேன். அங்கனயும் எறும்புதானா?"

அங்கேயும் மண் குடித்தது. அவர் குனிந்து எறும்பைத் தேடினார். எனக்கு நாக்கில் சனி, சும்மா இருக்கமாட்டேன். "தை கடைசி வரைக்கும் நீங்களும் வாரியலத் தொடக் கூடாது, ஒங்க தம்பியும் சாணிய அள்ளக் கூடாது. கரிக்காரர் வார அன்னைக்கு மரத்தடியில பச்ச இல்லைன்னா மரத்தை வெட்டுங்க, மாட்டை வித்துருங்க, நான் மூச்சுக் காட்டாம பஸ்ஸுல ஏறுதேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தேன் என்று உறைத்தது.

கார்த்திகை பிறந்ததோடு மழை நின்றுபோனது. மார்கழிப் பனி வெட்டவெளிப் புல்லைக் கருக்கியது. பொங்கலுக்கு முன்பே காடு பழுப்பாகிவிட்டது. நான் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மரத்தடியைப் போய்ப் பார்ப்பேன். மாடுகளை மரத்துக்கு மரம் மாற்றிக் கட்டுவதை விடவில்லை. அவர் சருகைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் விரலை மடக்கி மடக்கிப் பிரிப்பார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாரியலை அவர் தொடவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

தை கடைசியில் கரிக்காரர் ஆட்களோடு வந்தார். கோடாரி, ரம்பம், கயிறு எல்லாம் வந்து இறங்கின. கொழுந்தன் முன்னால் நடந்தார். கிழக்குப் பாதியில் முதலில் கை வைத்தார்கள். ஒவ்வொரு மரமாகச் சாய்கிற சத்தம் இங்கே வரை கேட்டது. அதை முடித்துக்கொண்டு மேற்கே வந்தவர்கள் எங்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். பழுப்புக் காட்டின் நடுவில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பச்சை வட்டம். கணுக்கால் உயரத்துக்குப் புல். எங்கள் கிழட்டு மாடு அதன் நடுவில் படுத்துக்கொண்டு, வந்தவர்களை ஒரு பொருட்டாகக்கூட மதிக்காமல் அசைபோட்டது.

"இது எப்பிடி மதினி?" என்றார் கொழுந்தன். "தண்ணி பாச்சினீகளா?"

"ஆமா, கொளுந்தனாரே. ஒங்க அண்ணன் ராத்திரியெல்லாம் அளுது அளுது பாச்சுனாரு."

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. புல்லை விலக்கி மண்ணுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் ஈரம் இருந்தது. தை மாதக் கடைசியில், செவக்காட்டில், ஈரம். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "கரிக்காரரே, இந்தப் பக்கம் வேல இல்ல. வந்ததுக்கு மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வெட்ட வந்த ஆட்கள் நிற்கிறார்களே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மோர் எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

அந்தக் கோடையில் எங்கள் மாடுகளின் பால் குறைந்தது, ஆனால் வற்றவில்லை. சித்திரையில் வெள்வேல நெற்று உதிர்ந்தது. மாடுகள் அதைப் பொறுக்கித் தின்று, தின்ற இடத்திலேயே சாணி போட்டன. கிழக்குப் பாதியில் கொழுந்தன் எதிர்பார்த்த புல் வரவில்லை. மரம் போன வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்தது. ஒருநாள் தன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். எப்போதும் வாய் நீளுகிற மனுஷர், அன்று தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"மதினி, மத்தியானம் மட்டும் இதுகள ஒங்க நெழல்ல கெட்டிக்கிடவா?"

கிண்டல் செய்ய வாயெடுத்தேன், அவர் மாடுகளின் விலா எலும்பைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். "கெட்டுங்க. இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றேன். மறுமழைக்கு அவர் தன் காட்டில் வெள்வேல விதை ஊன்றினார்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசனுக்கு ஆள் பிடிக்கக் கம்பெனி ஏஜெண்டு ஊருக்குள் வந்தார். எங்கள் இருவரையும் தேடிக் காட்டுக்கே வந்துவிட்டார். மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷம் ஆர்டர் அதிகம், சரவெடிக்குக் கை பழகிய ஆள் இல்லை, நான் வந்தால் எந்த ஷெட் கேட்டாலும் தருகிறோம், வீட்டுக்காரருக்கு இந்த வருஷமும் மேற்பார்வைதான் என்று இதமாகப் பேசினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு இருபது வருஷத்துச் சோறு போட்ட இடம், ஏஜெண்டை முகத்துக்கு நேரே மறுத்தால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்று யோசனை. பதிலை மனசுக்குள் பதமாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவரே பேசினார். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, ஏஜெண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அவ வரமாட்டா. வேற ஆளப் பாருங்க. எனக்குப் பதிலாவும் ஒரு ஆளப் பாத்துக்கிடுங்க."