பிணங்களுக்கு நடுவே பொன்னாடை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அழத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடல் தாண்டி நடந்தது என்றால் நன்றாகவே அழுவார்கள்.

கோவில்பட்டியில் முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு நாடகம் போட ஒரு குழு கூடியது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சிப்பாய் வேஷத்துக்குப் போட்டியே இருந்தது. அந்தப் போரில் அக்காவைப் பறிகொடுத்த பெண் ஒருவர், பக்கத்து அகதி முகாமிலிருந்து தாயாக நடிக்க வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கட சனத்தைக் கொன்றவங்களை எல்லாருக்கும் தெரியும். பாத்துக்கொண்டிருந்தவையையும் காட்டுங்கோ."

அதற்காகவே கடைசிக் காட்சியை எழுதினேன். ஒரு குடும்பம் நாற்காலியில் உட்கார்ந்து, கடலை மிட்டாய் தின்றபடி, டிவியில் அந்தச் சாவுகளைப் பார்க்கிறது. வசனமே இல்லை. பந்தலும் மைக்கும் உபயம் செய்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒத்திகைக்கு வந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கடலை மிட்டாய்னா நம்ம ஊருன்னு தெரிஞ்சிரும்லா? நாம என்ன செஞ்சோம்? டிவிதான பாத்தோம்!"

தான் என்ன சொன்னோம் என்பதே அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. குழு மொத்தமும் தலையாட்டியது. காட்சியை வெட்டினார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.

நாடகத்தன்று, குண்டு விழுந்து எல்லோரும் செத்துக் கிடக்கும் இடத்தில், சிறப்பு விருந்தினர் அவசரமாகக் கிளம்ப வேண்டுமாம். உடனே மைக்கைப் பிடித்து, அவரை மேடையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிணங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர் போட்டோவுக்காக ஒரு பிணத்தின் கையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். கீழே கூட்டத்துக்குக் கடலை மிட்டாய் வந்தது. அதுவும் முதலாளி உபயம்தான். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

பொன்னாடை போர்த்தியவர்கள் இறங்கியதும், செத்துக் கிடந்தவர்களில் தாயாக நடித்த அந்தப் பெண் மட்டும் எழுந்தார். விருந்தினர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேடை விளிம்புக்கு இழுத்துப் போட்டு, எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். தட்டோடு நின்றவரிடம் கை நீட்டி ஒரு மிட்டாய் வாங்கி, மெதுவாகக் கடித்தார். கண்ணை எங்களை விட்டு எடுக்கவே இல்லை.

முன்வரிசைக்குத் திரும்பியிருந்த முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஏம்மா, நாடகம் முடிஞ்சிட்டா?"

"கீழ இருக்கிற ஆராவது எழும்பினால் முடிஞ்சிடும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. என் வாயிலும் மிட்டாய் இருந்தது.