திரையைத் துடைத்த சார்

ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் கம்பெனி ஆபீஸில் நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சார் இருந்தார். ஒல்லியான ஆள், முழுக்கை சட்டை, பையில் வெள்ளைக் கைக்குட்டை. இன்டர்நெட்டில் கம்பெனி வேலையைத் தவிர எதையும் திறக்க விடமாட்டார். ஆபீஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஏதோ வெளிநாட்டு வழியாகச் சுற்றிப் போய்க் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள். சார் கத்தமாட்டார். மெல்ல வந்து அவர்கள் திரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போவார். துடைத்தால், அந்த வழியை அடைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

என் கடைசி மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. ஃபெயிலானால் ஆவணியில் கல்யாணம் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். நான் யாரிடமும் உதவி என்று போய் நின்றவள் இல்லை. கிளார்க் பெண்தான், "நம்பரச் சொல்லுங்கக்கா" என்று சுற்றுவழியில் திறந்தாள். ரிசல்ட் வந்த நேரம் பின்னால் சார் நின்றார்.

"போச்சு, மாட்டிக்கிட்டோம்க்கா" என்று அவள் எழுந்துவிட்டாள்.

சார் திரையைத் துடைத்தார். குனிந்து பார்த்தார்.

"ஒரே தூசி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. பொண்ணு பாஸுங்க. கணக்குல நூத்தி எண்பத்தெட்டு."

மறுநாள் அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

திரையில் தூசியே கிடையாது. காலையில் நான்தான் துடைத்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதென்று அந்த ஆபீஸில் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?