குமராட்சி ரோட்டில் ஓடாத ஒரு பஸ்

மக்களே, என் மாமா யாரும் கை பிடிக்காமல் பஸ் ஏறிவிட்டார், ஏறியேவிட்டார்!!!

விஷயம் தெரியாதவர்களுக்கு: 2011 ஜூனில் கடலூர் வீட்டு பாத்ரூமில் மாமா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வயது 68. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது, ஆனால் டிஸ்சார்ஜ் அன்று அவரால் நிற்கக்கூட முடியவில்லை. வீட்டில் அவரும் மகன் செல்வமும் மட்டும்தான். செல்வத்துக்குச் செம்மங்குப்பத்தில் கான்ட்ராக்ட் வேலை. லீவு நீண்டால் வேலை போச்சு. ஆபரேஷன் ஆனவர்களைத் தங்கவைத்து நடக்கப் பழக்கும் இடம் ஒன்று சிதம்பரம் பக்கம் இருப்பதை நெட்டில் தேடிப் பிடித்தேன். சொன்னதுதான் தாமதம், செல்வம் பாய்ந்தான்.

“ஹோமா? பெத்த அப்பன ஹோம்ல தள்ளிட்டான்னு ஊரே துப்பும் மச்சான்.”

“முதியோர் இல்லம் இல்லடா, ஆறு வாரத்துல திருப்பி அனுப்பிடுவாங்க.”

“எல்லாரும் அப்புடி சொல்லித்தான் வுட்டுட்டுப் போறாங்க” என்றார் மாமா கட்டிலிலிருந்து. மகனின் வேலைக்காக மட்டும் சம்மதித்தார்.

மூன்றாவது வாரம் பார்க்கப் போனேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் 8.10 வண்டி, டிக்கெட் 18 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சிதம்பரத்திலிருந்து குமராட்சி மினி பஸ், நாலு ரூபாய்.

உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்து நடுவில் ஒரு பஸ்! எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது. பழைய மினி பஸ்ஸின் வாசல் பக்கத்தை மட்டும் வெட்டி, படி, கம்பி, ரெண்டு சீட்டோடு நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூர் மினி பஸ் படி எவ்வளவு உயரம் என்று ஏறினவர்களுக்குத் தெரியும். அதை யோசித்த மூளைக்கு ஒரு சலாம்!

ஃபிசியோ அக்கா விசில் ஊதினார். மாமா கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். கால் நடுங்கியது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“தம்பி, கைய எடுங்க. நாளைக்கு நீங்களா கூடவே வரப்போறீங்க?” என்றார் அக்கா.

“எடுறா மாப்ள, டிக்கெட் வாங்காதவன்லாம் ஏறக்கூடாது” என்றார் மாமா.

ஏறினார்! மூச்சு வாங்க சீட்டில் உட்கார்ந்து, “சிதம்பரம் ஒண்ணு” என்றார்.

“மொதல்ல எறங்கிக் காட்டுங்க பெரியவரே.”

ஆறாவது வாரம் கார் வேண்டாம் என்று சொல்லி, நிஜ பஸ்ஸில்தான் கடலூர் வந்தார்.

செலவு: தங்கல், சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். வீட்டில் ஆள் வைத்து, தினமும் ஃபிசியோவை வரவழைத்தாலும் ஆறு வாரத்துக்கு ஏறக்குறைய அதேதான். ஆனால் ஆறு வாரத்தில் அது முடிந்திருக்காது, ஆள் வராத நாளெல்லாம் செல்வத்தின் சம்பளமும் போயிருக்கும். சேர்க்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, தேயாத ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள். அங்கே போய்ப் பாசத்தில் கை மட்டும் கொடுக்காதீர்கள்.

இதை நான் டைப் செய்யும்போது செல்வம் ஷிப்டில் இருக்கிறான். மாமா வீட்டில் தனியாக இருக்கிறார். அப்படிச் சொல்ல இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை!

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி இடம் இருந்தால் கமெண்டில் போடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரையாவது கூட்டி வரப்போகிற நண்பருக்கு இந்த லிங்க்கை இன்றே அனுப்புங்கள், ப்ளீஸ்!