இருபத்திரண்டாம் கொக்கி

இதை நம்பும்படி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். படத்தில் இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லியே பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கதை கட்டுகிற சாமர்த்தியம் இருந்திருந்தால் வீட்டில் எத்தனையோ தடவை தப்பித்திருப்பேன். நடந்ததை நடந்த வரிசையில், மணியோடு எழுதுகிறேன்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பஸ் டிப்போவில் மெக்கானிக். பதினைந்து வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து தோள்பட்டையில் காறை எலும்பை முறித்துக்கொண்டு வந்தபோது படம் எடுத்தவன் நான்தான். கூடவே அழுதுகொண்டு வந்த அக்காவைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். அவன் எங்களோடுதான் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு விட்டாலே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அவன் தூங்கினால் பக்கத்து அறையில் நாங்கள் தூங்க முடியாது.

மலைக்காட்டுக்குள் நடந்துபோய்க் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்பது அவனுடைய ரொம்ப நாள் ஆசை. கிளம்பும்போது என் மனைவி அவனுடைய இன்ஹேலரை என் சட்டைப் பையில் வைத்தாள். அவனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு பேராப் போறீங்க, ரெண்டு பேரா வரணும். உங்கள நம்பித்தான் அவன விடுறேன்."

வண்டி போகும் பாதை காட்டின் வாசலோடு முடிந்துவிடும். அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே முப்பது கொக்கிகள் அடித்த பலகை. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லை. காட்டுக்குள் போகிறவர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் அதே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம்.

எனக்கு இருபத்தொன்று. மச்சானுக்கு இருபத்திரண்டு.

அன்றைக்கு எங்களைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. ஆனாலும் ஒன்பதாம் கொக்கி காலியாக இருந்தது. வனக்காவலரிடம் கேட்டேன்.

"ஆள் வந்துட்டாரு சார். டோக்கன்தான் வரல."

பிறகு அவரே சொன்னார். "மூடுபனி இறங்கினா நம்பர் விடுங்க. நீங்க ஒண்ணு சொல்லணும், இவரு ரெண்டு சொல்லணும். ஒண்ணு சொல்றவர் மட்டும் நிறுத்தவே கூடாது. அதக் கேட்டுத்தான் மத்தவர் வந்து சேருவாரு."

வழியெல்லாம் விளையாட்டாக நம்பர் விட்டுக்கொண்டே நடந்தோம். நான் "ஒண்ணு" என்றால் பின்னால் விசிலோடு "ரெண்டு" வரும். அட்டைகள் என் காலை மட்டும் குறிவைத்து ஏறின. உப்பு போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது.

"அக்கா குடிச்சது போக உங்ககிட்ட இன்னும் ரத்தம் மிச்சம் இருக்கா மாமா?" என்றான்.

சிரித்தேன். அவனோடு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

4.15க்குத் தங்குமிடம் வந்துவிட்டோம். மரங்களுக்கு நடுவே சின்னச் சமதளம். நாற்பது அடி கீழே ஓடை. கூடாரம் போட்டோம். 5.50க்கு மச்சான் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினான்.

6.05க்கு மூடுபனி இறங்கியது. ஐந்தே நிமிஷத்தில் கூடாரத்தின் கயிறுகூடத் தெரியவில்லை.

"ஒண்ணு," என்று கத்தினேன்.

"ரெண்டு." கீழே, ஓடைப் பக்கமிருந்து.

"ஒண்ணு."

"ரெண்டு."

இந்தத் தடவை சத்தம் மேலே இருந்து வந்தது. கூடாரத்துக்குப் பின்னால், மலைச்சரிவில். அவன் குரல்தான். ஆனால் அதில் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு."

கீழே, "ரெண்டு."

மேலே, "ரெண்டு."

இரண்டும் ஒரே நொடியில்... எதிரொலி அப்படி வராது.

வாயை மூடிக்கொண்டேன். மணி 6.14.

அதைத்தான் செய்திருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். கூப்பிட்டால் இரண்டுமே வந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

மேலே இருந்த குரல் நின்றுவிட்டது. கீழே இருந்த குரல் நிற்கவில்லை.

"மாமா... ஒண்ணு சொல்லுங்க மாமா..."

நான் சொல்லவில்லை.

6.31. சேற்றில் காலடி. சளக்... சளக்... சளக்...

மேலே இருந்து.

மச்சான் வந்து நின்றான். கேன் நிறையத் தண்ணீர்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"

"ஓடை கீழதான இருக்கு?"

"சுத்தி வந்துட்டேன்."

அவ்வளவு சரிவில் கேனோடு வந்தவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, குறைந்தது என்னவென்று.

விசில்.

இன்ஹேலரை எடுத்து நீட்டினேன்.

"வேணாம் மாமா."

9.20க்குப் படுத்தோம். பக்கத்தில் சத்தமே இல்லை. நான் தூங்கவில்லை.

11.40. கீழே இருந்து...

"ரெண்டு..."

விசிலோடு. இழுத்து இழுத்து.

எழுந்து உட்கார்ந்தேன். இருட்டில் என் மணிக்கட்டின் மேல் ஒரு கை வந்து படிந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

"கேக்காத மாதிரி இருங்க மாமா."

"ரெண்டு... மாமா... ரெண்டு..."

இன்ஹேலர் என் சட்டைப் பையில்.

நாற்பது அடிதான்.

நான் போகவில்லை.

2.10க்கு நின்றது.

விடிந்ததும் ஓடைக்கு இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஈர மணலில் ஒரே ஒருவனுடைய காலடித் தடம். இறங்கிய தடம் மட்டும் இருந்தது.

இன்னொரு ராத்திரி தங்க என்னால் முடியாது என்றேன். மச்சான் மறுக்கவில்லை. 11.25க்குக் கொட்டகை வந்தோம். நான் இருபத்தொன்றை மாட்டினேன். அவன் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் காவலரிடம் கொடுத்தான். பாசி பிடித்திருந்தது. அவர் கட்டைவிரலால் துடைத்தார்.

ஒன்பது.

ஒன்பதாம் கொக்கியில் மாட்டினார். இருபத்திரண்டு காலியாகவே இருந்தது. நோட்டில் எழுதினார்: ஆள் வந்தாச்சு, டோக்கன் வரல.

வீட்டில் என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். காட்டுக் காற்று தம்பியின் நோயைத் தீர்த்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். பத்து நாள் கழித்து, சளி இருக்கிறதா பார்க்கலாம் என்று ஏதோ சாக்குச் சொல்லி அவனைப் படம் எடுத்தேன். முறிந்து கூடிய எலும்பில் ஒரு மேடு இருக்கும். ஆயுசுக்கும் இருக்கும். அவன் காறை எலும்பில் அது இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்த எலும்பு என்றைக்குமே முறிந்ததில்லை.

காவலருக்குப் போன் செய்தேன்.

"ஒன்பதாம் நம்பர் போட்டுட்டுப் போன ஆள், வரும்போது நாலாம் நம்பர் கொண்டு வந்தாரு சார். அதுக்கு முன்னாடி நாலு ரொம்ப நாளாக் காலியா இருந்துச்சு."

"அப்ப என் மச்சான்?"

"வந்த ஆளுங்க நல்லாத்தான் இருக்காங்க சார். ஒரு வீட்லயும் புகார் குடுக்கல. இருபத்திரண்டும் ஒரு நாள் வந்துரும்."

அந்தப் படத்தை மனைவியிடம் காட்டவில்லை. பக்கத்து அறையில் இருப்பவன் சத்தமில்லாமல் தூங்குகிறான். இவனைத் தேடியும் இதுவரை யாரும் வரவில்லை. இவனுடைய வீட்டில்தான் இவன் முகத்தோடு ஒருவன் இருக்கிறானே.

மாதம் ஒரு தடவை போன் செய்கிறேன். இன்னும் வரவில்லை என்கிறார். ஒரு நாள் வரும். வேறு யாரோ ஒருவருடைய முகத்தோடு, நெஞ்சில் விசிலோடு, கழுத்தில் என் மச்சானின் வில்லையோடு வரும். அந்த வீட்டு வாசலில் போய் நின்று, அந்த மனிதரின் மனைவியிடம் என்ன சொல்லி அவனைத் திருப்பிக் கேட்பேன்?