விசிலடித்த மருமகள்

இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் நிலையாகத் தங்கியதில்லை. யோங் பெங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் இருந்தபோது அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் அக்கா வீடு இருந்த தம்போய்க்குப் பஸ் ஏறினேன்.

குழந்தை மூச்சு இழுக்கும்போதெல்லாம் விசில் சத்தம் வந்தது. பால் குடித்தால் இன்னும் கூடியது.

"தாய்மாமனப் பாத்ததும் விசிலடிக்கிறா பாரு. உன்ன மாதிரியே ரவுடி" என்றாள் அக்கா. வாய்தான் சிரித்தது. கண் குழந்தையின் நெஞ்சுக்குழியிலேயே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கே பள்ளம் விழுந்தது. சளி என்று கிளினிக்கில் கொடுத்த மருந்து ஒன்றும் செய்யவில்லை.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி பார்த்த உடனே சொன்னார்: "சளியும் இல்ல ஒண்ணும் இல்ல. உரம் விழுந்திருக்கு, தூக்குறப்ப எங்கயோ சுளுக்கிக்கிச்சு." உரம் எடுப்பதென்றால் குழந்தையைச் சேலையில் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெதுவாக உருட்ட வேண்டும். ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "குலை தூக்குற மாதிரி தூக்காதடா. பூ மாதிரி."

கொஞ்சம்தான் உருட்டினோம். குழந்தை வீறிட்டது, அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமானது. "அலமாக்!" என்று செருப்புகூடப் போடாமல் காரை எடுக்க ஓடியவர் ஆண்ட்டிதான்.

வழியில் மூச்சு திரும்பியது. ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூச்சுக்குழாயின் வளையங்கள் எல்லாருக்கும் பின்பக்கம் திறந்திருக்குமாம், குதிரை லாடம்போல. இவளுக்குப் பிறவியிலேயே முழு வட்டம். குழாய் மிகவும் குறுகல்.

"நான் உருட்டுனதாலயா டாக்டர்?" என்று ஆண்ட்டி கேட்டார்.

"இல்லம்மா. ஆனா இனிமே யாரையும் உருட்டாதீங்க."

கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஒரு ஸ்ட்ராவை வெட்டிக் காட்டினார். குறுகிய இடத்தைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நெடுக்கில் பிளந்து, ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தித் தைப்பார்கள். நீளம் குறையும், அகலம் கூடும்.

"தைச்ச எடம் தாங்குமா?" என்றாள் அக்கா.

"தாங்கணும். செயற்கை மூச்சுக் குழாய எடுத்தாத்தான் தெரியும்."

ஆபரேஷன் முடிந்ததும் அக்காவின் கணவர் லீவு தீர்ந்து சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பினார். அக்காவோடு நான் இருந்தேன். லாரி முதலாளி போனில் திட்டினார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வேலை போவது எனக்குப் புதிதில்லை.

குழாயை எடுக்கும் அன்று காலை ஆண்ட்டி டிபன் கேரியரோடு வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே அக்காவையும் என்னையும் மட்டும் விட்டார்கள். குழாய் வெளியே வந்தது. குழந்தை ஒருமுறை இருமினாள். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். "சத்தமே இல்லடா. மூச்சு விடுறாளா?"

"மூச்சுன்னா இப்படித்தான் இருக்கும் அக்கா" என்றார் நர்ஸ்.

நெஞ்சுக்குழியைப் பார்த்தோம். பள்ளம் விழவில்லை. ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

வெளியே வந்து சொன்னதும் ஆண்ட்டி அழுதுகொண்டே கேட்டார்: "வீட்டுக்கு வந்ததும் நான் குளிப்பாட்டவா?"

"நீங்க கிட்டயே வரக்கூடாது!" என்று கத்திவிட்டு, அவர் தோளிலேயே சாய்ந்துகொண்டாள் அக்கா.